முதல் தலைமுறை பீட்பாக்ஸர்களிடம் பாடம் கேட்போம்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வாயாலேயே டிரம் ஒலிகளை எழுப்பித் தாளம் போடும் பீட்பாக்ஸிங்கைப் பழக விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் உலகப் போட்டிகளின் காணொளிகளைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். மேடையில் நிற்பவர் ஒரே மூச்சில் டிரம், பேஸ், சைரன், ரோபோ என்று கொட்டித் தள்ளுகிறார். அதைப் பார்த்த கையோடு கதவைச் சாத்திக்கொண்டு தொண்டையைக் கரகரவென்று உறுமப் பழகுகிறார்கள். இரண்டு நாளில் குரல் கட்டிக்கொள்கிறது, மூன்றாம் நாள் ஆசை போய்விடுகிறது. உறுமல் வந்தவர்களிடமும் தாளம் வந்திருக்காது. நாலு தட்டு சேர்ந்தாற்போல ஒரே வேகத்தில் போடச் சொன்னால் ஐந்தாவது தட்டில் ஓடத் தொடங்கிவிடுவார்கள்.

ஆகவே நான் யாரையும் இன்றைய சாம்பியன்களிடம் அனுப்புவதில்லை. 1984 முதல் 1986 வரை நியூயார்க்கில் வெளிவந்த சில இசைத்தட்டுகளைக் கேட்கச் சொல்கிறேன். அவற்றில் ஒலிகள் குறைவு, வேகம் மிதமானது, வாய் என்ன செய்கிறது என்பதைக் காதாலேயே பின்தொடர முடியும். அந்தக் காலத்தில் மூன்று பேர் மூன்று சிக்கல்களைத் தீர்த்தார்கள். பஃபி மூச்சைத் தாளமாக்கினார். டக் ஈ. ஃப்ரெஷ் ஒலிகளைத் துல்லியமாக்கி, பாடுபவருக்கு இடம் விடக் கற்றார். பிஸ் மார்க்கி தாளத்தோடு பாட்டையும் சேர்த்தார். புதியவர் சந்திக்கும் சிக்கல்களும் இதே மூன்றுதான், ஏறக்குறைய இதே வரிசையில்.

யார் இவர்கள்?

வாயால் வாத்தியம் வாசிப்பது அமெரிக்காவில் ஹிப்ஹாப்புக்கு முன்பே உண்டு. ஓஹையோ மாநிலத்தின் பிக்வா ஊரிலிருந்து வந்த மில்ஸ் பிரதர்ஸ் 1930-களில் டிரம்பெட்டையும் டியூபாவையும் வாயாலேயே ஒலித்தார்கள். ஒரு கிட்டாரைத் தவிர வேறு வாத்தியம் எதுவும் இல்லை என்று அவர்களுடைய இசைத்தட்டிலேயே அச்சிட வேண்டியிருந்தது. கேட்டவர்கள் நம்பவில்லை.

‘பீட்பாக்ஸ்’ என்ற பெயர் இயந்திரத்திலிருந்து வந்தது. டிரம் ஒலிகளை வாசிக்கும் மின்னணுப் பெட்டிகளைத்தான் முதலில் அப்படி அழைத்தார்கள். 1980-இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 பெட்டியின் விலை 1,195 டாலர். அதே ஆண்டு வந்த லின் எல்எம்-1 ஏறக்குறைய 5,000 டாலர். நியூயார்க்கின் ஹார்லெமிலும் புரூக்ளினிலும் தெருமுனையில் ராப் பாடிக்கொண்டிருந்த பள்ளிப் பையன்களுக்கு அது எட்டாத விலை. வாய் இலவசம். அதனால்தான் இவர்கள் தங்களை ‘மனித பீட்பாக்ஸ்’ என்று அழைத்துக்கொண்டார்கள்.

டக் ஈ. ஃப்ரெஷ், இயற்பெயர் டக்ளஸ் டேவிஸ், 1966-இல் பார்படோஸில் பிறந்து ஹார்லெமில் வளர்ந்தவர். 1984-இல் வந்த ‘பீட் ஸ்ட்ரீட்’ படத்தில் தலைகாட்டினார். அடுத்த ஆண்டு ராப் பாடகர் ஸ்லிக் ரிக்குடன் சேர்ந்து ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். ஒரு பக்கம் ‘தி ஷோ’, மறுபக்கம் ‘லா டி டா டி’. மறுபக்கத்தில் வாத்தியமே கிடையாது. ஒரு வாய் தாளம் போடுகிறது, இன்னொரு வாய் கதை சொல்கிறது, அவ்வளவுதான். ராப் உலகில் பிறர் தங்கள் பாட்டுகளில் மிக அதிகமாக வெட்டியெடுத்து ஒட்டிய ஒலிப்பதிவுகளில் அதுவும் ஒன்று.

பஃபி என்கிற டேரன் ராபின்சன் புரூக்ளினைச் சேர்ந்தவர். ஃபேட் பாய்ஸ் என்ற ராப் குழுவின் மூவரில் ஒருவர். ‘டிஸ்கோ 3’ என்ற பெயரில் 1983-இல் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் நடந்த திறமைப் போட்டியில் வென்றார்கள். இரண்டாம் பரிசான ஸ்டீரியோ செட் கிடைக்காமல் முதல் பரிசு கிடைத்ததில் அவர்களுக்கு ஏமாற்றம் என்று ஒரு கதை உண்டு. 1984-இல் வந்த முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர் ராப் பாடகர் கர்ட்டிஸ் ப்ளோ. பஃபி 1995-இல் 28 வயதிலேயே இறந்துபோனார்.

பிஸ் மார்க்கி (1964–2021), இயற்பெயர் மார்செல் ஹால். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியிலுள்ள குவீன்ஸ்பிரிட்ஜில் இசைத் தயாரிப்பாளர் மார்லி மார்ல் நடத்திவந்த ஜூஸ் க்ரூ குழுவைச் சேர்ந்தவர். முதலில் ரோக்ஸேன் ஷாண்டேயின் ராப்புக்கு வாயால் தாளம் போட்டார். 1986-இல் ‘மேக் த மியூசிக் வித் யுவர் மவுத், பிஸ்’ வந்தது.

இவர்களில் யார் முதலில் என்ற சண்டை அப்போதே இருந்தது. டக்கும் பஃபியும் ஒரே ஆண்டில், 1984-இல், ‘மனித பீட்பாக்ஸ்’ என்ற சொல்லைத் தலைப்பிலேயே போட்டுப் பாட்டு வெளியிட்டார்கள். டக் கூடவே ‘அசல்’ என்ற அடைமொழியையும் சேர்த்துக்கொண்டார். தீர்ப்பு நமக்கு வேண்டாம். இருவரிடமும் பாடம் இருக்கிறது.

முதல் படி: வாயைத் திறக்குமுன் காது

ஃபேட் பாய்ஸின் ‘ஹியூமன் பீட் பாக்ஸ்’, டக்கின் ‘லா டி டா டி’, பிஸ்ஸின் ‘மேக் த மியூசிக்’ மூன்றும் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். ஒரு வாரம் இந்த மூன்றையும் ஹெட்போனில் கேளுங்கள், வாயால் எதையும் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு ஒலியைப் பின்தொடருங்கள். முதல் முறை ‘தும்’ என்று விழும் பேஸ் டிரம், அடுத்த முறை சுரீரென்று விழும் ஸ்னேர் டிரம், அதற்கடுத்த முறை அவர்கள் மூச்சு இழுக்கும் இடங்கள்.

மூச்சு இழுக்கும் இடங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பஃபியின் பதிவில் அதற்குப் பெரிய சிரமம் இருக்காது. அவர் மூச்சை ஒளிப்பதே இல்லை. டக்கின் பதிவில் பல இடங்களில் மூச்சு எங்கே போயிற்று என்றே தெரியாது. இந்த வேறுபாட்டைக் காதால் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. யூடியூபில் வேகத்தை 0.75-க்குக் குறைத்துக் கேட்கலாம். அதற்கும் கீழே போனால் ஒலி குழைந்துவிடும், பயனில்லை.

இரண்டாம் படி: மூன்றே ஒலிகள்

பேஸ் டிரம்முக்கு ‘ப்’, ஜோடி உலோகத் தட்டுகளான ஹை-ஹாட்டுக்கு ‘ட்ஸ்’, ஸ்னேருக்கு ‘க்’. முதல் மாதத்துக்கு இது போதும். இந்த மூன்றில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லாரும் வழுக்குவது இங்கேதான்.

தமிழ் பேசும் வாய்க்கு இங்கே ஒரு பழக்கத் தொல்லை உண்டு. நம் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. பிறமொழிச் சொல் அப்படி முடிந்தால்கூட ஒரு உகரத்தை ஒட்டித்தான் நமக்குப் பழக்கம். அதனால் ‘ப்’ என்று தொடங்குகிறவர் தன்னையறியாமல் ‘புஉ’ என்று முடிப்பார். அந்த உகரம் குரல் நாணிலிருந்து வருகிறது. டிரம்முக்குக் குரல் கிடையாது. இரண்டு விரல்களைத் தொண்டையின் முன்புறம் வைத்துக்கொண்டு ‘ப்’ சொல்லுங்கள். விரலுக்கடியில் அதிர்வு தெரிந்தால் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் பழகியவர்களுக்குக் கால அளவு கச்சிதமாக இருக்கும், ஆனால் சொற்கட்டு முழுவதும் குரலோடு சொல்லப்படுவது என்பதால் இந்த உகரத்தை விடுவதற்கு அவர்கள்தான் அதிகம் பாடுபடுகிறார்கள்.

அதிர்வு நின்ற பிறகு அடுத்த சோதனை. மூச்சை முழுவதும் வெளியே விடுங்கள். விட்டபின் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், உள்ளே இழுக்காதீர்கள். இப்போது ‘ப், ப், ப், ப்’ என்று போட முடிகிறதா பாருங்கள். நுரையீரலில் விடுவதற்கு மிச்சம் இல்லை, ஆனாலும் ஒலி வர வேண்டும். தொண்டை மூடியிருக்க, வாய்க்குள் அடைபட்ட காற்றை மட்டும் உதடு வெடித்து வெளியேற்றும். சரியாகச் செய்தால் ஒவ்வொரு ‘ப்’புக்கும் குரல்வளை ஒரு முறை மேலே எகிறுவது விரலுக்குத் தெரியும். மொழியியலாளர்கள் இந்த வகை ஒலிகளைப் பல ஆப்பிரிக்க, காக்கேசிய மொழிகளில் காண்கிறார்கள். 2013-இல் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பீட்பாக்ஸரை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்துப் படம்பிடித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர் அறிந்த மொழிகள் எதிலும் இல்லாத இத்தகைய ஒலிகளை அவருடைய வாய் தானாகவே கண்டுபிடித்திருந்தது அதில் தெரிந்தது.

இந்த ‘ப்’ கைவந்துவிட்டால் நுரையீரல் விடுதலை அடைகிறது. வாய் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்போது மூச்சை எப்போது வேண்டுமானாலும் எடுக்க வழி பிறக்கிறது. இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போனால் எட்டுத் தட்டில் மூச்சு வாங்கும்.

‘ட்ஸ்’ எளிது. நாக்கு நுனியை மேற்பல்லின் பின்னால் ஈறில் வைத்து விடுவியுங்கள். ‘பட்டு’ என்பதில் வரும் ‘ட்’ போல நாக்கை மடக்கி மேலண்ணத்துக்குக் கொண்டுபோக வேண்டாம், ஒலி மொத்தையாகிவிடும். ‘ட்ஸ்’ குறுகினால் மூடிய ஹை-ஹாட், நீண்டால் திறந்த ஹை-ஹாட்.

‘க்’ ஒலிக்கு நாக்கின் பின்பகுதி வேலை செய்ய வேண்டும். காறித் துப்புவதுபோல் இருந்தால் அழுத்தம் அதிகம், குறையுங்கள். வறண்டு, சட்டென்று நிற்க வேண்டும்.

மூன்றாம் படி: நாலு தட்டு

சீரான வேகத்தில் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 தட்டில் வையுங்கள். செல்பேசியில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு தட்டுக்கு ஒரு ஒலி:

ப் – ட்ஸ் – க் – ட்ஸ்

இதையே ஐந்து நிமிடம். சலிப்பாக இருக்கும், இருக்கட்டும். சலிக்காத நிலையில் கைவந்த தாளம் மேடையில் நடுங்கும்போது கைவிட்டுவிடும். அது அசையாமல் நின்ற பிறகு ஒரு தட்டுக்கு இரண்டு ஒலிகளாக்குங்கள். அடுத்து, எட்டு ஒலிகளின் இரண்டாம் பாதியில் பேஸ் டிரம்மை இரட்டியுங்கள்:

ப் – ட்ஸ் – க் – ட்ஸ் – ப் – ப் – க் – ட்ஸ்

பழைய பதிவுகளின் எலும்புக்கூடு பெரும்பாலும் இதுதான். செல்பேசியில் பதிவு செய்து, மெட்ரோனோமை அணைத்துவிட்டு உங்கள் வாயை மட்டும் கேளுங்கள். ‘க்’ ஒவ்வொன்றும் ஒரே அளவில் இருக்கிறதா? பெரும்பாலானவர்களுக்கு ஸ்னேர் முந்திக்கொள்ளும். முந்தினால் வேகத்தை 70-க்கு இறக்குங்கள். மெதுவாகப் போடுவதுதான் கடினம் என்று அப்போது தெரியும்.

நான்காம் படி: பஃபியிடம் மூச்சு

பஃபியின் பதிவைக் கேட்டவர்களுக்கு முதலில் நினைவில் நிற்பது அந்த இரைப்பு. கன்னம் உப்ப, மூச்சை ‘ஹஹ்’ என்று இழுத்து ‘ஹா’ என்று விடுகிறார். அதையே டிரம்களுக்கு நடுவே நிரப்புகிறார். மற்றவர்கள் மறைக்கப் பாடுபடும் ஒன்றை அவர் கடைவிரித்துக் காட்டினார். அவருடைய பருத்த உடம்புக்கும் ஃபேட் பாய்ஸின் நகைச்சுவைக்கும் அது பொருந்திப்போனது என்பதால் பலர் அதை வெறும் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது அநியாயமாகத் தோன்றுகிறது. புதியவருக்கு இதைவிடப் பயனுள்ள உத்தி வேறு கிடையாது. மூச்சு வாங்கும் இடத்தையே தாளத்தின் ஒரு தட்டாக்கிவிட்டால், மூச்சு முட்டும் பேச்சுக்கே இடமில்லை.

முதலில் ‘ட்ஸ்’ இருந்த இடங்களில் மூச்சை வையுங்கள்:

ப் – ஹஹ் – க் – ஹா

‘ஹஹ்’ உள்ளே, ‘ஹா’ வெளியே. ‘ஹா’வுக்குக் குரல் வேண்டாம், வெறும் காற்று. இழுக்கும் அளவும் விடும் அளவும் சமமாக இருக்க வேண்டும். பெரும்பாலோர் அதிகம் இழுத்துக் குறைவாக விடுகிறார்கள், நாலு சுற்றில் நெஞ்சு நிறைந்து நின்றுவிடுகிறது. அப்படி நிறைந்தால் இழுப்பைச் சிறிதாக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விட்டுக்கொண்டே போனால் தலை சுற்றும், விரல் நுனி மரத்ததுபோல் இருக்கும். உடனே நிறுத்திவிட்டு உட்காருங்கள். இந்தப் பயிற்சியை நின்றபடி செய்வதைவிட நாற்காலியில் அமர்ந்து செய்வது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் படியில் இறங்க வேண்டாம்.

மூச்சு பழகிய பிறகு பஃபியின் இன்னொரு ஒலி. உதடுகளைத் தளர்த்தி ‘ப்ர்ர்ர்’ என்று அதிரவிடுவது. சின்னக் குழந்தைகள் எச்சில் தெறிக்கச் செய்வது அதேதான். அவர் அதை ஒரு சுற்றின் தொடக்க அறிவிப்புபோல வைப்பார். எட்டுச் சுற்றுக்கு ஒரு முறை போதும். அடிக்கடி போட்டால் உதடு அசந்துபோய் ‘ப்’ மழுங்கிவிடும்.

ஐந்தாம் படி: டக்கிடம் துல்லியமும் ஒதுங்கலும்

டக்கின் அடையாளம் நாக்குச் சொடுக்கு. இரக்கப்பட்டு உச்சுக்கொட்டும்போது நாம் அன்றாடம் எழுப்பும் ஒலிதான் அதன் உறவுக்காரன். உச்சுக்கொட்டும்போது நாக்கு நுனி பல்லில் ஒட்டி விடுபடுகிறது. டக்கினுடையது இன்னும் பின்னால், மேலண்ணத்தில், மரக்கட்டையைத் தட்டியதுபோல் கணீரென்று விழும். நாக்கு முழுவதையும் மேலண்ணத்தில் ஒட்டி, சற்றே உறிஞ்சி, நுனியைக் கீழே விடுங்கள். வாயைக் குவித்தால் சுருதி இறங்கும், இளித்தால் ஏறும். இந்த இரண்டு சுருதிகளை மாற்றி மாற்றிப் போட்டாலே ஒரு சின்ன மெட்டு வந்துவிடும்.

அவரோடு சேர்த்து எல்லாரும் பேசும் உருட்டுச் சொடுக்கு இதற்கு அடுத்தது. நாக்கின் ஒரு பக்க விளிம்பை மட்டும் கடைவாய்ப் பற்களின் மேலே அண்ணத்தில் அழுத்திவையுங்கள். நாக்கின் அடிப்பகுதியைத் தொண்டைப் பக்கமாக இழுத்தபடி உறிஞ்சுங்கள். விளிம்பு ஒரேயடியாக விடுபடாமல் மூன்று நான்கு துண்டுகளாக, ‘டகடக’ என்று அடுத்தடுத்து விடுபட வேண்டும். முதல் சில வாரங்களுக்கு ஒரே ஒரு சொடுக்குதான் வரும். வலது பக்கம் வராதவர்களுக்கு இடது பக்கம் வரக்கூடும், இரண்டையும் முயன்று பாருங்கள். நாக்கு வலித்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

சொடுக்குகளைக் கற்றவுடன் எல்லா இடத்திலும் வாரியிறைக்கத் தோன்றும். ‘லா டி டா டி’யை மறுபடி கேளுங்கள். டக் அந்தப் பாட்டு முழுவதும் ஸ்லிக் ரிக்குக்குப் பணிவிடைதான் செய்கிறார். கதை நகரும்போது தாளம் எளிமையாக ஓடுகிறது. வித்தை காட்டுவது இடைவெளிகளில் மட்டும். தேவைப்பட்டால் நின்றுவிடவும் அவருக்குத் தெரியும். தாளக்காரர் நிற்கும்போது பாடுபவரின் சொல் துலங்குகிறது என்பதை அவ்வளவு இளம் வயதிலேயே புரிந்துவைத்திருந்தார். இன்றைய தனிப் போட்டிகளில் இந்தக் குணம் அபூர்வம், அங்கே ஒதுங்குவதற்கு மதிப்பெண் இல்லை.

இதற்கு ஒரு பயிற்சி. நண்பரையோ தம்பி தங்கையையோ உட்காரவைத்து ஏதாவது நாற்சீர்ப் பாட்டை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஆசிரியப்பா அடிகள் இதற்கு நன்றாக உதவும். ஒரு சீருக்கு ஒரு தட்டு என்று வைத்தால் ஓர் அடி நாலு தட்டுக்குள் அடங்கிவிடும். நீங்கள் வெறும் ‘ப் – ட்ஸ் – க் – ட்ஸ்’ மட்டும் போடுங்கள். நான்கு அடிக்கு ஒரு முறை கடைசிச் சீரில் நிறுத்துங்கள், சொல் தனியே ஒலிக்கட்டும். அடுத்த அடியின் முதல் சீரில் சரியாகத் திரும்பி வாருங்கள். அந்தத் திரும்பி வருதல்தான் பாடம். ஒரு நொடி தாமதித்தாலும் வாசிப்பவர் தடுமாறிவிடுவார், அவர் முகத்திலேயே மதிப்பெண் தெரியும்.

ஆறாம் படி: பிஸ்ஸிடம் பாட்டு

பிஸ் மார்க்கி தன்னை ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ரா என்றே சொல்லிக்கொண்டார். டக்கின் சுத்தமும் பஃபியின் பலமும் அவரிடம் இல்லை. கொஞ்சம் கோணல், கொஞ்சம் கோமாளித்தனம். ஆனால் தாளத்துக்குள்ளேயே மூக்கால் இழுத்து, முனகி, ஒரு பாட்டின் உணர்வைக் கொண்டுவந்துவிடுவார். பாடகராக அவருடைய சுருதி எப்படி என்பது ஊரறிந்தது. 1989-இல் அவருக்குப் பெரும்புகழ் தந்த ‘ஜஸ்ட் எ ஃப்ரெண்ட்’ பாட்டே சுருதி விலகிய அந்தக் குரலால்தான் ஓடியது. குரல் நன்றாக இல்லை என்று தயங்குகிறவர்கள் அவரை முதலில் கேளுங்கள்.

முனகலையும் தாளத்தையும் ஒன்றாகச் செய்வதற்கு ஒரு வழி இருக்கிறது. அதற்குத் தேவையான எழுத்து நம்மிடமே இருக்கிறது. ‘தங்கம்’ என்று சொல்லத் தொடங்கி, ‘தங்’கிலேயே நின்றுவிடுங்கள். ‘ங்ங்ங்’ என்று நீட்டுங்கள். நாக்கின் பின்பகுதி வாய்க்கும் தொண்டைக்கும் நடுவே கதவை மூடியிருக்கிறது, குரல் மூக்கு வழியாகப் போகிறது. அதாவது வாயின் முன்பகுதி இப்போது சும்மா கிடக்கிறது. ‘ங்’கை விடாமல் உச்சுக்கொட்டிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்தே ஒலிக்கும். முதல் முறை கேட்கும்போது வேறு யாரோ சொடுக்கியதுபோல் இருக்கும்.

உச்சு ஒலி ஹை-ஹாட்டாகட்டும். மேலண்ணச் சொடுக்கு ஸ்னேராகட்டும். பேஸ் டிரம்முக்கு உதடுகளை மூடி, நாக்குக்கும் உதட்டுக்கும் நடுவே இருக்கும் காற்றை நாக்கால் முன்னே தள்ளி ‘ப்’ என்று விடுங்கள். இரண்டாம் படியில் கற்ற ‘ப்’ இங்கே உதவாது, ஏனெனில் அதற்குத் தொண்டை மூட வேண்டும், தொண்டை மூடினால் முனகல் நின்றுவிடும். இந்த நாக்குத் தள்ளல் ‘ப்’ சன்னமாகத்தான் இருக்கும். மைக் கிடைத்தால் சரியாகிவிடும்.

முதலில் ஒரே சுருதியில் ‘ங்ங்’ நீட்டிக்கொண்டு தாளம் போடுங்கள். பிறகு இரண்டு சுருதிகள். அதன் பிறகு உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தாலாட்டின் முதல் வரி. தெரியாத மெட்டை எடுக்காதீர்கள், மனம் மெட்டிலும் தாளத்திலும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. ஏதாவது ஒன்று பழக்கத்திலேயே ஓட வேண்டும்.

அடுத்த தலைமுறை எப்போது?

இதுவரை வந்தவர்கள் ரஸெலைக் கேட்கலாம். ‘த ரூட்ஸ்’ குழுவோடு பாடியவர். 1999-இல் வெளியிட்ட ஆல்பத்துக்கு ‘மேக் த மியூசிக் 2000’ என்று பெயர் வைத்தார். பிஸ்ஸின் தலைப்பு நினைவுக்கு வருகிறதல்லவா? ஒரே வாயால் பாட்டு வரியையும் தாளத்தையும் சேர்த்துத் தரும் அவருடைய ‘இஃப் யுவர் மதர் ஒன்லி நியூ’ பலரை இந்தக் கலைக்குள் இழுத்து வந்தது. கூர்ந்து கேட்டால் தந்திரம் விளங்கும். பாட்டின் சொற்களில் இருக்கும் வல்லினங்களையே டிரம்மாக அழுத்துகிறார். எல்லாம் ஒரே நொடியில் ஒலிக்கவில்லை, காதுதான் சேர்த்துக்கொள்கிறது. தமிழில் இதை முயல விரும்புகிறவர்கள் ப, க, த மிகுந்த வரியாகப் பார்த்து எடுங்கள். மெல்லினமும் இடையினமும் நிறைந்த வரி கேட்க இனிமை, டிரம்முக்கு உதவாது.

குவீன்ஸைச் சேர்ந்த கென்னி முகம்மது இன்னொருவர். மூச்சை உள்ளே இழுத்தபடியே ‘க்’ ஸ்னேரைப் போடும் உத்தியை அவரோடு சேர்த்தே பேசுவார்கள். நாக்கின் பின்பக்க விளிம்பை அண்ணத்தில் வைத்து, காற்றை வெடுக்கென்று உள்ளே இழுத்தால் அந்த ‘க்’ வரும். ஸ்னேர் அடிக்கும்போதே நுரையீரல் நிறைகிறது என்பதால் மூச்சுக்காக நிற்கவே வேண்டியதில்லை. பஃபி இரைத்துக் காட்டிய அதே சிக்கலுக்கு இது வேறொரு விடை. ஆனால் நான்காம் படியைத் தாவிவிட்டு இதற்கு வராதீர்கள். இழுத்த காற்றை எங்கே விடுவது என்று தெரியாமல் நெஞ்சு அடைக்கும்.

மைக், தொண்டை, மற்றவை

ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும், அதையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். உதடு தசைதான், களைத்த பிறகு பழகினால் தவறான வடிவமே பதியும். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். தொண்டையில் எரிச்சலோ வலியோ வந்தால் நிறுத்துங்கள். இந்த மூவரின் ஒலிகள் எதற்கும் தொண்டையைக் கிழிக்க வேண்டியதில்லை, வலிக்கிறது என்றால் வேறெதையோ செய்துகொண்டிருக்கிறீர்கள்.

மைக் இல்லாமல் மூன்று மாதமாவது பழகுங்கள். மைக் பலவீனமான ‘ப்’பையும் இடியாக்கிக் காட்டும், பிழை தெரியாமல் போகும். மேடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஷூர் எஸ்எம்58 வகை மைக்கை உதட்டுக்கு நெருக்கமாகக் கொண்டுபோனால் தாழ்ந்த ஒலிகள் கூடும். பேஸ் டிரம்முக்கு அது நல்லது. ஆனால் காற்று நேரே வலைமீது மோதாதபடி வாயிலிருந்து சற்றுச் சாய்வாகப் பிடியுங்கள். மைக் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் ஒலி தடிக்கும், கூடவே ஸ்பீக்கர் ஊளையிடும் அபாயமும் கூடும். ஒலி அமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் அவர் உங்கள் ஒலியைக் குறைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். செல்பேசியில் பதிவு செய்யும்போது அதை வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்துக்குப் பக்கவாட்டில் வைத்தால் ‘ப்’ படபடக்காது.

பலர் கூடிப் பழகும் இடங்களில் ஒரே மைக் கைமாறும். பீட்பாக்ஸர் ஒருவர் பயன்படுத்திய மைக்கின் வலை எந்த நிலையில் இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மைக் தலையில் மாட்டும் பஞ்சு உறை ஒன்றைச் சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், வாரம் ஒரு முறை சோப்பு நீரில் அலசிக் காயவையுங்கள்.